கற்பூரத்தை ஊதிய லாரி

எங்கள் குடும்பத்தில் சட்டென்று கொதித்துப்போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாமா, இன்னொன்று லாரி. மாமாவை ஒரு சொம்பு மோர் கொடுத்து ஆற்றிவிடலாம். லாரியை ஆற்றுவதற்கு அப்பா மலைப்பாதையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போக வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, கிணத்துக்கடவில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். லாரி, அப்பா பழையதாக வாங்கியது. வாரம் ஒரு நடை பொள்ளாச்சியில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்று ஏற்றிக்கொண்டு வால்பாறைக்கு மேலே இருந்த ஓர் எஸ்டேட்டின் ஸ்டோரில் கொண்டுபோய் இறக்குவார். திரும்பி வரும்போது தேயிலை மூட்டை வரும். மற்ற நாட்களில் தேங்காயோ மட்டையோ கிடைத்தால் ஏற்றுவார், கிடைக்காவிட்டால் லாரி வாசலில் நிற்கும். எங்கள் அடுப்பு எரிந்தது அந்த எஸ்டேட் நடையில்தான்.

சமவெளியில் அந்த லாரியைக் குறை சொல்ல முடியாது. பொள்ளாச்சி வரைக்கும் நல்ல பிள்ளையாக வரும். ஆழியாறு தாண்டி ஏற்றம் பிடித்து நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறியதும் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். அப்பா ஓரங்கட்டி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டு மறுபடி ஏறுவார். நடுப்பகலில் போய்ச் சேர வேண்டிய அரிசி பொழுது சாயும்போது போய்ச் சேரும். அதற்குள் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பெண்கள் பையும் கையுமாக ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து அப்பாவைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். ஒருநாள் அந்த அவசரத்தில், ஆறும்வரை பொறுக்காமல் அப்பா ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். வெந்நீர் பீறிட்டு அடித்து வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று.

ஸ்டோர்க்காரர் ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார். "கை ஆறுன பொறவு வாங்க. ஆனா இன்னொருக்கா வழியில நின்னா நாங்க வேற வண்டி பாத்துக்கறமுங்க." அந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுக்கிறவன்கூட, "கொஞ்சம் நிமிருங்க" என்று கேட்டுக்கொண்டுதான் அறுப்பான்.

செய்தி பெரியப்பாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த நாளே வாழைத்தாரோடு வந்து இறங்கினார். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அவருக்குத் தென்னந்தோப்பும் பெரிய வீடும் இருந்தன. இரண்டு வருடம் முன்புவரை நாங்களும் அந்த வீட்டில்தான் இருந்தோம். அப்பாவின் கைக்கட்டைப் பார்த்து அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"எதுக்குத் தம்பி இந்தப் பாடு? லாரியக் குடுத்துப்போட்டு ஊட்டுக்கே வந்துரு. உங்களுக்கு ஒரு வாய் சோறு இல்லாமயா போச்சு? ஏன் அம்மணி, நீயே சொல்லு" என்று சமையலறைப் பக்கம் பார்த்தார்.

அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு, "பாக்கலாமுங்க" என்றாள்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் நம்பிக்கையோடு எழுந்து போவார்கள். எங்கள் ஊரில் பாக்கலாமுங்க என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று பொருள். பெரியப்பாவுக்கும் இது தெரியும். காப்பியைக் குடித்துவிட்டு, மழை பெய்யாததைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார்.

எனக்கானால் ஆத்திரமாக வந்தது. பெரியப்பா வீட்டில் கலர் டிவி இருந்தது. இறங்கிக் குளிக்கக் கிணறு, சண்டை போட அக்காக்கள், ஊஞ்சல் எல்லாம் இருந்தன. எங்கள் வாடகை வீட்டில் இருந்தது ஒரே ஒரு ரேடியோ. அதையும் அப்பா லாரிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்தக் கொதிக்கிற லாரியை யார் தலையிலாவது கட்டிவிட்டு அங்கே போய் நிம்மதியாக டிவி பார்ப்பதை விட்டுவிட்டு, அம்மா ஏன் அடம்பிடிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவும் பாதி மனதாகத்தான் இருந்தார். "அண்ணன் சொல்றதும் நியாயந்தான?" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"விருந்துக்குப் போலாமுங்க" என்றாள் அம்மா. "குடியிருக்கப் போக வேண்டாமுங்க. கை ஆறட்டும், அதுக்குள்ள லாரிக்கு என்ன நோவுன்னு பாப்போம்."

நோவு பார்க்க மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் ஃபிட்டர். உலகத்தில் சுற்றுகிற எதுவும் தன் கைக்கு அடங்கும் என்று நினைக்கிறவர். இன்ஜின் மூடியைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்த விசிறியை ஒற்றை விரலால் சுண்டினார். அது பம்பரம் போலத் தன்பாட்டுக்குச் சுற்றியது.

"பாத்தீங்களா மச்சான்? இது இப்படிச் சுத்தப்படாது. ஃபேன் கிளட்ச் போயிருச்சு."

அந்தக் காலத்து லாரிகள் பலவற்றில் விசிறியை நேராக இன்ஜினோடு முடுக்கியிருப்பார்கள். எங்கள் லாரியில் விசிறிக்கும் இன்ஜினுக்கும் நடுவே வட்டமாக ஒரு அலுமினியக் கட்டி இருந்தது. அதற்குள் பசை போன்ற ஓர் எண்ணெய். இன்ஜின் சூடேறினால் அந்த எண்ணெய் விசிறியை இறுக்கிப் பிடித்து வேகமாகச் சுழற்றும். சூடு தணிந்தால் விட்டுவிடும். எங்கள் லாரியில் எண்ணெய் முழுக்க ஒழுகிப்போய், மலை ஏறும்போது இன்ஜின் வெந்துகொண்டிருக்க, விசிறி கல்யாண வீட்டுப் பெரியமனிதர் மாதிரி சும்மா அசைந்துகொண்டிருந்திருக்கிறது.

புதிய கிளட்ச் என்ன விலை என்று மாமா விசாரித்து வந்து அப்பாவின் காதில் மட்டும் சொன்னார். "அந்தக் காசுக்கு நான் வண்டியத் தள்ளிக்கிட்டே வால்பாறை போயிருவேன்" என்றார் அப்பா. போல்ட் போட்டு விசிறியை நிரந்தரமாக இறுக்கிவிடலாம் என்பது அவர் யோசனை. அப்படிச் செய்தால் சமவெளியிலும் அது ஓயாமல் சுற்றி டீசலைக் குடிக்கும், தண்ணீர் பம்பையும் தேய்த்துவிடும் என்றார் மாமா. இரண்டு பேரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்த அம்மா, "பழசு கெடைக்குமாடா?" என்று கேட்டாள்.

கிடைக்கும் என்றார் மாமா. தீபாவளித் துணிக்கென்று அம்மா ஒதுக்கி வைத்திருந்த பணம் வெளியே வந்தது. செத்துப்போன கிளட்சை ஒரு பழைய சேலைத் துண்டில் சுற்றி ஒயர்க் கூடையில் வைத்துக்கொண்டு அம்மா பஸ் ஏறினாள். கூடவே மாமாவும் நானும். கூடையின் கனத்தைப் பார்த்துவிட்டு உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டார். "ஃபேன் கிளட்சுங்க" என்று அம்மா ஏதோ கத்தரிக்காய் என்பதுபோலச் சொன்னாள். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

கோயமுத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடைக்காரர் நாலைந்து கிளட்சுகளை எடுத்துப் போட்டார். எல்லாமே தங்கம் என்றார். மாமா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் திருகினாள். ஒன்று லொடலொடவென்று சுற்றியது. ஒன்று அசையவே இல்லை. பஸ்ஸிலிருந்து கழற்றிய பெரிய கிளட்ச் ஒன்று மட்டும் மெல்ல, கனமாக, பிடித்துப் பிடித்துத் திரும்பியது.

"களி கிண்டற பதத்துல இருக்குது. இதக் குடுங்க" என்றாள்.

அது எங்கள் கிளட்சைவிடப் பெரியது என்று தெரிந்ததும் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கிளட்ச் என்றால் பெரிய விசிறி போட வேண்டாமா? அந்த பஸ்ஸின் விசிறி உடைந்து போயிருந்தது. மாமா கடை முழுக்கத் தேடி, ஏதோ மில்லில் கழித்துப்போட்ட ஜெனரேட்டரின் விசிறியைக் கண்டுபிடித்தார். அகல அகலமான இரும்பு இலைகள். "அக்கா, இதப் போட்டா வண்டியே ஊட்டி மாதிரி ஆயிரும் பாருங்க" என்றார். எங்கள் லாரியின் பழைய விசிறி அவர் கண்ணுக்கு அன்றிலிருந்து ஓலை விசிறியாகிவிட்டது.

கோயமுத்தூரிலேயே கணபதி என்ற பகுதியில் மாமாவுக்குத் தெரிந்த லேத் பட்டறை ஒன்று இருந்தது. கிளட்ச் எங்கள் லாரியில் உட்காரவும், ஜெனரேட்டர் விசிறி கிளட்சில் உட்காரவும் பட்டறைக்காரர் வளையங்கள் கடைந்து கொடுத்தார்.

அப்பாவின் கையில் புதுத்தோல் வந்த வாரம், மாமா லீவு போட்டுவிட்டு வந்து எல்லாவற்றையும் பூட்டினார். சனிக்கிழமை எஸ்டேட் நடை. வெள்ளிக்கிழமை காலையில் சோதனை. அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது யாருக்கும் நினைவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

சூடேறினால் கிளட்ச் பிடிக்கிறதா என்று பார்க்க இன்ஜினைச் சூடாக்க வேண்டும். மாமா ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப் புகாதபடி சாய்த்து வைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். அட்டை விழுந்தது. எடுத்து வைத்தார், மறுபடியும் விழுந்தது. "சனியன் புடிச்ச அட்டை" என்று கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். கொஞ்ச நேரத்தில் முள் ஏறியது. திடீரென்று உள்ளேயிருந்து ஹோவென்று ஒரு இரைச்சல். விசிறி பிடித்துக்கொண்டது! மாமா அட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் கையைத் தட்டினார். அப்பா இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

இன்ஜினை அணைக்க வேண்டாம், அப்படியே பூஜை போட்டுவிடலாம் என்றார்கள். லாரியின் முகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அம்மா தட்டில் கற்பூரத்தை ஏற்றி லாரிக்கு முன்னால் கொண்டுபோனாள்.

கற்பூரம் அணைந்துவிட்டது.

"காத்துங்க அக்கா" என்றார் மாமா. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. மறுபடி ஏற்றினாள். தட்டை லாரியின் மூக்குக்கு நேரே உயர்த்தியதும் யாரோ பக்கத்தில் நின்று ஊதியதுபோல் அணைந்தது. இன்னொரு முறையும் அப்படியே. வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா, "இன்னிக்கு நாள் நல்லால்லீங்க" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. அப்படியே பம்பரில் உட்கார்ந்தார்.

"சாமியே வேண்டாங்குது. குடுத்துப்போடலாம். அண்ணனுக்குச் சொல்லியனுப்பு."

நான் மனதுக்குள் கலர் டிவியைப் போட்டுவிட்டேன்.

அம்மா அணைந்த தட்டோடு அங்கேயே நின்றாள். தட்டிலிருந்த திருநீறு பறந்து அவள் முகம் முழுக்கப் படிந்திருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. முந்தானை அவளுக்குப் பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு லாரியைப் பார்த்தாள்.

"டேய், காத்து லாரியிலிருந்து என்ற மேல வருதுடா. உள்ளாற போக வேண்டிய காத்து ஏன் வெளிய வருது?"

மாமா கீழே கிடந்த அட்டையை எடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தார். அது அவர் நெஞ்சில் வந்து அடித்தது. அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. ஜெனரேட்டர் ஒரே இடத்தில் நிற்கிறது. அதன் விசிறி சூட்டை முன்பக்கமாக வெளியே தள்ளும்படி இலைகளைத் திருப்பி வைத்திருப்பார்கள். லாரியின் விசிறி முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டும். லாரி ஓட ஓட எதிரே வருகிற காற்றை இந்த மில் விசிறி திருப்பியடித்திருக்கும். இப்படியே மலைக்குப் போயிருந்தால் ஆழியாறைக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம். நாங்கள் எல்லாரும் பெரிய விசிறி, பெரிய விசிறி என்று அதன் அகலத்தைப் பார்த்தோமே தவிர, அது எந்தப் பக்கம் ஊதும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"அப்ப சாமி நல்லதத்தான் சொல்லிருக்குது" என்றாள் அம்மா. "நம்ம பழைய விசிறிய இந்தக் கிளட்சுல பூட்டுனா ஆகாதா?"

"ஆகும். ஆனா அதுக்கு வேற வளையம் கடையோணும். நாளைக்கு நடைய வெச்சுக்கிட்டு…"

அம்மா அதற்குள் ஒயர்க் கூடையை எடுத்துவிட்டாள். மாமா லாரியில் மில் விசிறியைக் கழற்றத் தொடங்கினார். நான் அம்மாவோடு ஓடினேன். பழைய விசிறி கூடைக்குள் அடங்காமல், கோழியின் இறக்கைபோல இலைகளை வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.

லேத் பட்டறைக்காரர் கையில் வேலை இருந்தது. "நாளான்னிக்கு வாங்க அக்கா, முடிச்சு வெச்சறேன்" என்றார்.

"ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவர் கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, நாளான்னிக்குங்க."

"ஆகட்டுங்க. நீங்க வேலையப் பாருங்க, நான் இருக்கறனுங்க."

அவர் டீ வரவழைத்தார். டீ குடித்துவிட்டுக் கிளம்புவார்கள் என்பது கணக்கு. அம்மா குடித்துவிட்டு, "டீ நல்லாருக்குதுங்க" என்றாள். அவருடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டாள். சத்தமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அவர் ஒரு ஆணிக்காக நகர்ந்தால் ஸ்டூலோடு தள்ளி உட்கார்ந்து வழிவிட்டாள். மரியாதையாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை எழுந்து போகச் சொல்ல எங்கள் ஊர் ஆம்பிளைக்கு வாய் வராது. கடைசியில் அவர் ஒரு பெருமூச்சு விட்டு, மிஷினில் இருந்த உருப்படியைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் வளையத்துக்கான இரும்பை மாட்டினார். வேலை முடிந்து கிளம்பும்போது, "இனிமே வர்றதுக்கு முன்னாடி சொல்லிப்போட்டு வாங்க அக்கா" என்று கும்பிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாமா பூட்டி முடித்தார். அட்டையை வைத்தோம். கட்டாமலேயே ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டது. கற்பூரச் சுடர் இந்த முறை லாரியின் பக்கம் சாய்ந்து எரிந்தது. அப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா யாரையும் பார்க்காமல் கையைக் கழுவப் போனார்.

மறுநாள் விடிகாலையில் அம்மா வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தாள். அதுவரை அவள் அந்த லாரியில் போனதே இல்லை. என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் ஏறினேன். ஆழியாறு தாண்டியதும் மூன்று பேரும் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வளைவாக அது ஏறியது. சிவப்புக்கு ஒரு விரல்கடை இருக்கும்போது முன்னாலிருந்து ஹோவென்ற இரைச்சல் கிளம்பியது. முள் நின்றது. அடுத்த வளைவில் மெல்லக் கீழே இறங்கியது. அப்பா "ம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. வளைவில் தலை சுற்றுகிறது போலும் என்று எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நடுப்பகலுக்கு முன்னாலேயே ஸ்டோர் வாசலில் போய் நின்றோம். ஸ்டோர்க்காரர் வெளியே வந்து சூரியனைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்.

"பரவால்லீங்களே! உங்க அண்ணன் வண்டியச் செலவு பண்ணிச் சரி பண்ணிக் குடுத்துட்டாரா? இது அவரு வண்டிதானுங்களே?"

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். "நம்மளுதுதானுங்க" என்றார்.

"எங்களுதுங்க" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

அம்மா லாரியிலிருந்து இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். வேற்று ஆம்பிளைகள் பேசும்போது குறுக்கே பேசி நான் அவளைப் பார்த்ததில்லை. ஸ்டோர்க்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லை, அண்ணாந்து பார்த்தார். "எங்களுதுங்க" என்று அம்மா இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அப்பா மூட்டையை இறக்கப் போய்விட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நம்மளுது என்பது எவ்வளவு நல்ல சொல்! அதில் கேட்கிறவரும் சேர்ந்துகொள்ளலாம். எங்களுது என்றால், நீ தள்ளி நில் என்று சொல்வதுபோல. பெரியப்பா வீட்டில் யாரும் அப்படிப் பேசியதே இல்லை. நம்ம டிவி, நம்ம கிணறு, நம்ம ஊடு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட வீட்டில் இருந்து வந்தவள் இப்படி ஒட்டாமல் பேசுகிறாளே என்று மலை இறங்கும்வரை அவளோடு பேசாமல் வந்தேன். எல்லாமே நம்மளுதாக இருந்த அந்த வீட்டில், அம்மா ஒரு டம்ளரைக்கூடக் கேட்காமல் எடுத்ததில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.